கரை தொடாத கப்பலுக்கு ஒரு வாழ்த்து

கோரல் நோர்டே, மிதக்கும் எரிவாயு ஆலையே, நீ நீடு வாழ்க!

உன் உடல் தென் கொரியாவின் கோஜே தீவில், சாம்சங் கனரகத் தொழில் நிறுவனத்தின் கப்பல் தளத்தில் உருவாகிறது. மொசாம்பிக்கின் வட கடலுக்கு வந்து நீ வேலையைத் தொடங்க 2028 ஆகும் என்கிறார்கள். அதுவரை காத்திராமல் இப்போதே உன்னை வாழ்த்திவிடுகிறேன். உன் அருமையை அறிய நீ வந்து சேர வேண்டியதில்லை. உன் அக்கா கோரல் சுல் 2022 முதல் அங்கேதான் நிற்கிறாள். அவளைப் பார்த்துப் பார்த்து அப்படியே வடிக்கப்படுபவள் நீ. கடலில் உங்கள் இருவருக்கும் இடையே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும்.

இத்தாலியின் ‘எனி’ நிறுவனம் உன்னை முன்னின்று நடத்துகிறது. 2025 அக்டோபர் 2-ஆம் நாள் மொசாம்பிக்கின் தலைநகர் மாபுட்டோவில் உனக்கான இறுதி முதலீட்டு முடிவு கையெழுத்தானது. உனக்கு ஆகும் செலவு 720 கோடி டாலர். ஆண்டுக்கு 36 இலட்சம் டன் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) நீ தருவாய். அக்காவின் 34 இலட்சம் டன்னையும் சேர்த்தால் மொத்தம் 70 இலட்சம் டன். ஆப்பிரிக்காவில் எல்.என்.ஜி. உற்பத்தி செய்யும் நாடுகளில் மொசாம்பிக் மூன்றாம் இடத்துக்கு உயரும் என்று எனி சொல்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் மனித மேம்பாட்டுப் பட்டியலில் கடைசிப் பதினைந்து நாடுகளுக்குள் கிடக்கும் ஒரு நாட்டை, ஒரு பட்டியலிலாவது மூன்றாம் இடத்துக்குத் தூக்கி நிறுத்தும் வல்லமை உனக்கு இருக்கிறது. நான் சொல்லப்போகும் புகழ்மொழிகளில் ஒன்றுகூட மிகை இல்லை. எல்லாம் நடந்தவை, பதிவில் இருப்பவை.

முதலில் உன் கட்டமைப்பை, நீ பார்த்து வடிக்கப்படும் அக்காவை வைத்தே சொல்ல வேண்டும். அக்காவின் நீளம் 432 மீட்டர், அகலம் 66 மீட்டர், எடை ஏறக்குறைய 2,20,000 டன். 2,000 மீட்டர் ஆழ நீரின் மேல் அவள் நிற்கிறாள். 20 நங்கூரக் கோடுகள் அவளைக் கடலடித் தரையோடு பிணைத்திருக்கின்றன. அவற்றின் எடை மட்டும் 9,000 டன். அவள்மேல் எட்டு மாடிக் குடியிருப்பு உண்டு. 350 பேர் அங்கே தங்கி வேலை செய்யலாம். உறங்க, உண்ண, ஓய்வெடுக்க எல்லா ஏற்பாடும் உண்டு. கடலுக்கடியில் ஆறு கிணறுகளிலிருந்து எரிவாயு குழாய் வழியே மேலேறி வருகிறது. கரியமில வாயு, நீர், பாதரசம் எல்லாம் பிரித்தெடுக்கப்பட்டு, சுத்தமான வாயு சுழியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்படுகிறது. அப்போது அது திரவமாகிறது. அதன் பருமன் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கியது அவளுடைய வயிற்றிலேயே தொட்டிகளில் சேர்கிறது. பிறகு சரக்குக் கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து அணைகிறது, ஏற்றிக்கொள்கிறது, போய்விடுகிறது. ஆலை, கிடங்கு, துறைமுகம் மூன்றும் ஒரே உடலில்! நிலத்தில் செய்தால் ஊர் ஊராக இடம் கேட்கும் வேலை இது. அதை நடுக்கடலில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல், அசையாமல் செய்துகாட்டிய பொறியாளர்களையும் கோஜே தீவின் பற்றவைப்புத் தொழிலாளிகளையும் மனதார வணங்குகிறேன். ஆப்பிரிக்காவின் ஆழ்கடலில் நிறுத்தப்பட்ட முதல் மிதக்கும் எல்.என்.ஜி. ஆலை அவள்தான்.

உன் இனத்தின் தலையாய பண்பு தற்சார்பு. நீ நிற்கப்போகும் நாட்டிலிருந்து உனக்கு வேண்டியது மிகக் குறைவு. உடல் கொரியாவில் தயாராகிறது. தலைமை இத்தாலியில் இருக்கிறது. பங்காளிகள் சீனாவிலும் கொரியாவிலும் அபுதாபியிலும் இருக்கிறார்கள். ஆட்கள் பெம்பா நகரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார்கள், முறை முடிந்ததும் ஹெலிகாப்டரில் திரும்புவார்கள். மொசாம்பிக்கின் அரசு எரிவாயு நிறுவனத்துக்கு உன்னில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. கடல் அவர்களுடையது, கடலடியில் கிடக்கும் வாயு அவர்களுடையது, அந்தப் பத்தில் ஒன்றும் அவர்களுடையது. இவ்வளவு தெளிவான பங்கீட்டில் யாரும் யாரையும் குழப்ப முடியாது.

நீ யாரையும் வீட்டைவிட்டு விரட்டப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இது சிறிய புகழ் இல்லை. உன் பக்கத்து வயலான ‘பகுதி 1’-இன் எரிவாயுவுக்கு, அஃபுங்கித் தீபகற்பத்தில் நிலத்தின்மேல் ஆலை கட்டத் தொடங்கினார்கள். அதற்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, கித்துந்தா என்ற புதுக் குடியிருப்பில் வைக்கப்பட்டன. காலை எழுந்து படகைத் தள்ளிக்கொண்டு போன மீனவர்கள் கடலைவிட்டுத் தொலைவில் குடியேறினார்கள். மரவள்ளி நட்ட நிலமும் முந்திரி மரங்களும் வேலிக்குள் போயின. நீ அப்படி எதையும் செய்யமாட்டாய். உனக்கு நிலம் வேண்டாம், வேலி வேண்டாம், ஊர் வேண்டாம். ஊர் வேண்டாததால் ஊருக்குச் சாலை வேண்டாம், பள்ளி வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். நிலத்தில் ஆலை வைத்தவர்கள் தவிர்க்க முடியாமல் ஏற்கும் எத்தனையோ பொறுப்புகளிலிருந்து உன்னை அமர்த்தியவர்கள் ஒரே முடிவில் விடுபட்டுவிட்டார்கள்.

இனி உன் குடும்பத்தின் உச்சப் புகழுக்கு வருகிறேன். உங்கள் மன உறுதிக்கு இணையான ஒன்றை நான் கேட்டதில்லை. ஆண்டு வாரியாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

2017 ஜூன் 1-ஆம் நாள் உன் அக்காவுக்கான முதலீட்டு முடிவு கையெழுத்தானது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 5-ஆம் நாள், காபோ டெல்காடோ மாகாணத்தின் மொசிம்போவா ட பிராயா ஊரில் ஆயுதக் குழு ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியது. நீங்கள் நிற்கும் கடலுக்கு நேர் எதிரே இருக்கும் மாகாணம் அது. மாணிக்கக் கற்கள் தோண்டப்படும் மாகாணம், கிராஃபைட் எடுக்கப்படும் மாகாணம், இப்போது எரிவாயுவும். நாட்டின் மிக ஏழ்மையான மாகாணங்களில் ஒன்றும் அதுதான். வேலையில்லா இளைஞர்கள், பறிபோன நிலம், கைவிட்ட அரசு, தீவிர மதப் பிரசாரம் எல்லாம் சேர்ந்து மூண்ட தீ கிராமம் கிராமமாகப் பரவியது. கொரியாவில் அக்காவுக்கு எஃகு வெட்டும் வேலை தடைப்படவில்லை.

2020 ஜனவரியில் அவளுடைய உடல் நீரில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மொசிம்போவா ட பிராயா துறைமுகமே போராளிகள் கையில் விழுந்தது. அக்காமேல் பொருத்த வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாகப் பொருத்தப்பட்டன. 2021 மார்ச் 24-ஆம் நாள் பால்மா நகரம் தாக்கப்பட்டது. விடுதி ஒன்றில் பலர் நாள்கணக்கில் முற்றுகைக்குள் இருந்தார்கள். கடற்கரைக்கு ஓடிய மக்கள் கிடைத்த படகில் ஏறிப் பெம்பாவுக்குத் தப்பினார்கள். நடந்தே காட்டு வழியாகப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். பால்மாவுக்கு அருகில் அந்த அஃபுங்கி ஆலையைக் கட்டிக்கொண்டிருந்த டோட்டல் நிறுவனம் ஏப்ரல் 26-ஆம் நாள், கட்டுக்கடங்காச் சூழல் என்று அறிவித்து ஆட்களை வெளியேற்றிவிட்டது. நிலத்தில் நின்ற ஆலை நின்றுபோயிற்று. உன் அக்காவோ ஏழே மாதத்தில், 2021 நவம்பரில், கோஜே தீவில் பெயர் சூட்டப்பட்டுப் புறப்பட்டாள். அந்த விழாவுக்குக் கொரியக் குடியரசுத் தலைவர் மூன் ஜே-இன் வந்திருந்தார். மொசாம்பிக்கின் தலைவர் ஃபிலிப்பே நியூசியும் வந்திருந்தார். நியூசி பிறந்த மாகாணம் காபோ டெல்காடோ.

2022 ஜனவரியில் அவள் மொசாம்பிக்கின் வட கடலில் உள்ள ரொவுமாப் படுகைக்கு வந்து நின்றாள். நவம்பர் 13-ஆம் நாள் முதல் சரக்கு புறப்பட்டது. அந்த ஆண்டில்தான் வட மொசாம்பிக்கில் வீடிழந்து அலைந்தவர்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தொட்டது. மோதல்களைக் கணக்கெடுக்கும் அமைப்புகள், 2017 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருப்பதாகச் சொல்கின்றன. ருவாண்டாப் படைகள் வந்தன, தென் ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை வந்து போனது. ருவாண்டாப் படைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பண உதவி செய்தது. இத்தனைக்கும் நடுவில் கோரல் சுல் தன் வேலையில் கண்ணாக இருந்தாள். நிலத்தில் என்ன நடந்தாலும் நிற்காது என்பதுதான் உங்கள் இனத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கு என்றால், அந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக வந்திருக்கிறது. போர் தின்னும் மாகாணத்தின் கடலில் முதலீட்டைப் பத்திரமாக வைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மக்களைப் பத்திரமாக வைக்க வழி கண்டுபிடிக்கும் வேலை உங்களுக்கு ஒப்படைக்கப்படவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலத்தில் ஆலை வைத்தவர்கள் குறைந்தது ஒன்றுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள்: ஊர் அமைதியாக இருந்தால்தான் ஆலை ஓடும். ஊர்க்காரன் பசித்தால், கோபப்பட்டால், அவன் மகன் காட்டுக்குப் போய் ஆயுதம் எடுத்தால், ஆலைக்காரனுக்கும் தூக்கம் போகும். அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஊரின் நலத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். அந்தக் கட்டை அறுத்ததுதான் உங்கள் பிறப்பின் அருஞ்செயல். மனிதன் செய்த இயந்திரங்களில் இவ்வளவு தூரம் அண்டை வீட்டை நம்பாமல் வாழக் கற்றது வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

வாக்குத் தவறாமையிலும் உன் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அக்கா பிறக்குமுன்பே, 2016 அக்டோபரில், அவள் தரப்போகும் எரிவாயு முழுவதையும் இருபது ஆண்டுக்கு பி.பி. நிறுவனத்துக்குத் தருவதாக ஒப்பந்தமாகிவிட்டது. ஒரு பகுதி இல்லை, பாதி இல்லை, முழுவதும். 2022-இல் ரஷ்யக் குழாய்கள் வற்றி ஐரோப்பா எரிவாயுவுக்கு அலைந்தது. உலகச் சந்தையில் விலை வானத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் அவள் முதல் சரக்கை ஏற்றினாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

அவளுக்குத் தெற்கே, மேற்கே, கண்ணுக்கு எட்டாத கரையில், அந்த வாயுவுக்குச் சொந்தக்காரர்களான மக்கள் விறகிலும் மரக்கரியிலும் சமைக்கிறார்கள். மொசாம்பிக் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் அடுப்பு அதுதான். காட்டில் மரத்தை வெட்டி, மண்மூடிக் கரியாக்கி, சாக்கில் கட்டி மிதிவண்டியில் ஏற்றி, நெடுஞ்சாலை ஓரத்தில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். பெண்கள் புகையில் குனிந்து ஊதுகிறார்கள். நாட்டு மக்களில் கணிசமான பகுதிக்கு மின்சாரம் எட்டவே இல்லை. இதற்கு உன்மீது பழி சொல்ல வழியில்லை. உன்னிலிருந்து கரைக்கு ஒரு குழாய்கூடப் போகாது. அப்படித்தான் உன்னை வரைந்திருக்கிறார்கள். உன் விஷயத்தில் உள்நாட்டுக்கும் ஒரு பங்கு என்று அரசு பேசியிருக்கிறது. நல்ல பேச்சு. ஆனால் சுழியத்துக்குக் கீழ் 162 பாகையில் குளிர்ந்த திரவத்தைக் கரையில் வாங்கி, சூடாக்கி, மறுபடி வாயுவாக்கி, குழாயில் விட ஒரு முனையம் வேண்டும். அது உன் உடலில் இல்லை. ஏற்றுமதிக்கு வேண்டிய அத்தனையும் உன்னிடம் இருக்கிறது; அதற்கு மேல் ஒரு திருகாணிகூட வைத்து உன் எடையைக் கூட்டவில்லை. இலக்கில் இவ்வளவு ஒருமை கொண்ட படைப்பைப் பாராட்டாமல் இருப்பது எப்படி?

உன் வருமுன் காக்கும் ஆற்றலையும், அதைவிட அரிதான வருமுன் செலவழிக்க வைக்கும் ஆற்றலையும் எண்ணி வியக்கிறேன். நீங்கள் யாரும் பிறக்காதபோதே உங்கள் பெயரால் கடன் கிடைத்தது. 2010 முதல் ரொவுமாப் படுகையில் எரிவாயு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கோரல் வயல் 2012-இல் கிடைத்தது. அதில் 45,000 கோடி கன மீட்டர் எரிவாயு இருப்பதாகச் சொன்னார்கள். உடனே நாடு செல்வந்தனாகிவிட்டது போல வெளிநாட்டு வங்கிகள் பேசத் தொடங்கின. 2013-லும் 2014-லும் மூன்று அரசு நிறுவனங்களின் பெயரில் 200 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கப்பட்டது. கிரெடிட் சுவிஸ் வங்கியும் ரஷ்யாவின் வி.டி.பி. வங்கியும் கொடுத்தன. ஒன்று சூரை மீன்பிடிக் கப்பல் படைக்காக. மற்றவை கடலோரக் காவலுக்கும் கப்பல் பழுதுபார்ப்புக்கும் என்றார்கள். இவற்றில் இரண்டு கடன்கள் நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் மறைக்கப்பட்டன. 2016 ஏப்ரலில் குட்டு வெளிப்பட்டது. பன்னாட்டு நாணய நிதியம் கையை விரித்தது, நன்கொடை நாடுகள் விலகின, நாணயம் சரிந்தது, 2017 ஜனவரியில் நாடு கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. சூரை மீன்பிடிப் படகுகள் மாபுட்டோத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன.

அன்றைய நிதியமைச்சர் மனுவேல் சாங் இந்தக் கடன் வழக்கில் 2024 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானார். 2025 ஜனவரியில் எட்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2021-இல் மாபுட்டோவின் பொது நேர்மை மையமும் நார்வேயின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்தக் கடன் விவகாரத்தால் நாட்டுக்குக் குறைந்தது 1,100 கோடி டாலர் இழப்பு என்றும், ஏறக்குறைய 20 இலட்சம் பேர் வறுமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்றும் சொன்னது. ஒரு கொள்கலன் வாயுகூட வெளியே வருவதற்கு முன்பே இவ்வளவு பெரிய மாற்றத்தை நாட்டில் உண்டாக்கியது எரிவாயு. வேறெந்த விளைபொருளுக்கும், பருத்திக்கோ முந்திரிக்கோ சர்க்கரைக்கோ, நடுவதற்கு முன்பே இவ்வளவு வலிமை இருந்ததில்லை.

பொறுமை உன் வழியாக நாட்டுக்குக் கிடைக்கும் இன்னொரு பாடம். இத்தகைய ஒப்பந்தங்களில் போட்ட முதலைத் திரும்ப எடுப்பது முதலில். அரசுக்கு வரும் பெரும்பங்கு பின்னால். 720 கோடி டாலர் திரும்பி வரும்வரை அரசு சிறுதொகைகளோடு காத்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் இறையாண்மை நிதியம் ஒன்றை அமைக்கச் சட்டம் இயற்றியது. முதல் பதினைந்து ஆண்டுக்கு எரிவாயு வருவாயில் 40 விழுக்காடு நிதியத்துக்கு, 60 விழுக்காடு அரசின் செலவுக்கு என்பது ஏற்பாடு. வருங்காலத் தலைமுறைக்குச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் காபோ டெல்காடோவில் முகாமில் தார்ப்பாய்க்குக் கீழே நிதியம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தைக்குப் பதினைந்து வயதாகும்போதுதான் அந்த ஏற்பாடு மாறும். அந்தக் குழந்தையின் பெற்றோரிடம், உங்களுக்கு வளம் உண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லும் தகுதி உன்னைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது? நீ இருப்பது அவர்கள் கைக்கு எட்டாத தொலைவில். சொல்வதைக் கேட்டு அவர்கள் உன்னிடம் வந்து கேள்வி கேட்க முடியாது.

தூய்மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன்னை விற்பவர்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். எரியும்போது எரிவாயு நிலக்கரியைவிட ஏறக்குறைய பாதி அளவே கரியமில வாயு விடுகிறது. இது உண்மை. ஆனால் எரியாமல் கசிந்தால் அது மீத்தேன். இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் வலிமை கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல். கிணற்றில், குழாயில், குளிரூட்டும் இயந்திரத்தில், சரக்குக் கப்பலில், இறக்குமதி முனையத்தில் எங்கும் கசிவதற்கு வழி உண்டு. மைனஸ் 162 பாகை வரை குளிர்விக்கும் இயந்திரங்களை ஓட்டவே எடுத்த வாயுவில் ஒரு பகுதி எரிகிறது. ஆலையைத் தொடங்கும்போதும் இடையில் நின்று மறுபடி ஓட்டும்போதும் வாயுவைச் சுடர்க்கோபுரத்தில் எரித்துத் தள்ளுகிறார்கள். கரையில் அடுப்புக்குக் கரி தேடுகிறவர்களின் வானத்தில், அவர்களுடைய வாயுவே வீணாக எரிந்து வெளிச்சம் தருகிறது.

அந்தக் கரை புயல் அறியாதது இல்லை. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரைத் தாக்கியது. மொசாம்பிக்கில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு வாரம் போகவில்லை, ஏப்ரல் 25-ஆம் நாள் கென்னத் புயல் காபோ டெல்காடோவையே தேடி வந்தது. வட மாகாணத்தில் அந்த அளவு வலிமையான புயலை அதற்கு முன் கண்டவர்கள் இல்லை. 2024 டிசம்பரில் சீடோ புயல் வந்து மீண்டும் அதே மாகாணத்தில் இறங்கியது. நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. போரில் வீடிழந்து முகாமுக்கு வந்தவர்கள் புயலில் முகாமையும் இழந்தார்கள். சூடேறிய கடல் புயலுக்குத் தீனி போடுகிறது என்பதை அறிவியல் எப்போதோ சொல்லிவிட்டது. உலகின் மொத்த வெப்ப வாயுக்களில் மொசாம்பிக் மக்களின் பங்கு மிகச் சிறியது. கோரல் சுல்லும் நீயும் ஏற்றுமதி செய்யும் வாயு வேறு நாடுகளில் எரியும், அந்த நாடுகளின் கணக்கில் ஏறும். புயல் மட்டும் சொந்த ஊருக்கே திரும்பி வரும். உங்களுக்கு அதனால் கேடில்லை. இருபது நங்கூரக் கோடுகள் இருக்கின்றன. ஓலைக் கூரைக்கு அவை கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு உன்மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டும் இல்லை, கோரல் நோர்டே. உனக்கு இட்ட வேலையை நீ குறைவின்றிச் செய்வாய். வாயுவை எடுப்பாய், குளிர்விப்பாய், ஏற்றுவாய், அனுப்புவாய். அமைதி கொண்டுவா என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டு என்று சொல்லவில்லை. ஊருக்கு வேலை கொடு என்று அழுத்திச் சொல்லவில்லை. வரைபடத்தில் இல்லாததைக் கப்பல் செய்யாது. வரைந்தவர்களுக்கும், கடன் கொடுத்தவர்களுக்கும், ஒப்பமிட்ட ஆட்சியாளர்களுக்கும் சேர வேண்டிய புகழ் இது. அவர்களுக்கே சேரட்டும்.

வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மொசாம்பிக் தூரத்து நாடு, நமக்கென்ன என்று இதைப் படித்துவிட்டு நகர வேண்டாம். கோரல் நோர்டே நிற்கும் வயலில் இந்தியாவுக்குப் பங்கில்லை. ஆனால் பக்கத்து வயலான பகுதி 1-இல், அஃபுங்கி ஆலையின் வயலில், ஓ.என்.ஜி.சி. விதேஷ், பாரத் பெட்ரோலியம், ஆயில் இந்தியா ஆகிய நம் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சேர்ந்து 30 விழுக்காடு பங்கு இருக்கிறது. அதனால் நமக்கும் அதில் பங்கு உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளை எழுப்பச் சொல்லுங்கள்: கித்துந்தாவுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் எத்தனை பேருக்குச் சொன்ன நிலமும் கடலுக்கு வழியும் கிடைத்திருக்கிறது? அந்த ஆலையின் வாயுவில் எவ்வளவு மொசாம்பிக் மக்களின் அடுப்புக்குப் போகும், எந்த ஆண்டு முதல்? அதைக் காக்கும் படைகள் மக்களை எப்படி நடத்துகின்றன என்பதை நம் நிறுவனங்கள் கண்காணிக்கின்றனவா? பங்குதாரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கேளுங்கள்.